அப்டேட்டுக்குப் பிறகு ஓடும் புதுப் பெயர்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. அதையொட்டிப் பலரும் 11-க்கு மாறியிருக்கிறீர்கள். வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை கம்ப்யூட்டரில் என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்துப் பயந்தவர்களுடையவை.

11-க்கு மாறி ஒரு நாள்தான் ஆகிறது. லேப்டாப் ஃபேன் நிற்கவே இல்லை. 'டிஐவொர்க்கர்' சிபியுவில் பாதியை எடுத்துக்கொள்கிறது. கூடவே 'சர்ச் இண்டெக்ஸர்'. நிறுத்திவிடலாமா?

வேண்டாம். முதலாவது, அப்டேட்டின் மிச்ச வேலையை முடிக்கிறது. இரண்டாவது உங்கள் கோப்புகளை மறுபடி தேடல் பட்டியலில் ஏற்றுகிறது. நீங்கள் சும்மா இருக்கும் நேரத்தில்தான் இவை மும்முரமாக ஓடும். இருபது நிமிடம் பார்த்துவிட்டு மூடியை மூடிவிடுகிறீர்கள். வேலை பாதியில் நிற்கிறது. மறுநாள் திரும்பவும் ஃபேன் சத்தம். சார்ஜரைப் போட்டு, ஸ்லீப் ஆகாதபடி வைத்து, ஓர் இரவு விடுங்கள். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் இரண்டு இரவு. மூன்று நாள் கழித்தும் அடங்கவில்லையென்றால் டெர்மினலை அட்மினாகத் திறந்து, விண்டோஸின் கோப்புகளைச் சரிசெய்யும் இரண்டு கட்டளைகளை ஓட்டுங்கள்: முதலில் டிஸம் ரீஸ்டோர்ஹெல்த், அது முடிந்த பிறகு எஸ்எஃப்சி ஸ்கேன்நவ். இந்த வரிசையில்தான்.

'எஸ்விசிஹோஸ்ட்' என்ற பெயரில் 80 ஓடுகின்றன. வைரஸ் தானே?

இல்லை. விண்டோஸின் சர்வீஸ்களை, அதாவது பின்னணி வேலைகளை, தாங்கி ஓட்டும் ஹோஸ்ட் அது. முன்பு பல சர்வீஸ்கள் ஒரே ஹோஸ்டுக்குள் ஒண்டியிருந்தன. 2017-இல் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்து, மூன்றரை ஜிபிக்கு மேல் ராம் இருந்தால், பெரும்பாலான சர்வீஸ்களுக்குத் தனித்தனி ஹோஸ்ட். ஒன்று விழுந்தால் மற்றவை விழாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. எண்ணிக்கையை விட்டுவிட்டு இடத்தைப் பாருங்கள்: ரைட் கிளிக், ஓப்பன் ஃபைல் லொக்கேஷன். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் சிஸ்டம்32 திறந்தால் சரி. டவுன்லோட்ஸ், டெம்ப் என்று வேறு எங்காவது திறந்தாலோ, பெயரில் 'வி'யும் 'சி'யும் இடம் மாறியிருந்தாலோ உடனே முழு ஸ்கேன்.

அப்டேட் செய்ததிலிருந்து ஏதோ ஒரு எக்ஸ்இ ஓடுகிறது. அழித்துவிடலாமா?

எந்த எக்ஸ்இ? பெயர் இல்லை, எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று இல்லை, எந்த விண்டோஸ் என்றும் இல்லை. இதற்கு என்ன பதில் சொல்வது? பெயரையும் இடத்தையும் எழுதி அனுப்புங்கள். அதுவரை எதையும் அழிக்காதீர்கள்.

'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்' சிஸ்டம்32-இல் இல்லை, புரோகிராம்டேட்டாவில் இருக்கிறது. நீங்கள் சொன்ன விதிப்படி போலிதானே?

பார்த்தது நல்லது. ஆனால் இது விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டருடையது, அதன் சரியான இடமே அதுதான்; அங்கேயுள்ள விண்டோஸ் டிஃபெண்டர் ஃபோல்டருக்குள், பிளாட்ஃபார்ம் என்பதன் கீழ் இருக்கும். விண்டோஸ் ஃபோல்டருக்கு வெளியே இருக்கும் எதற்கும் ப்ராப்பர்ட்டீஸில், தயாரித்தவர் யார் என்று காட்டும் டிஜிட்டல் சிக்னேச்சரையும் சேர்த்துப் பாருங்கள். இதில் மைக்ரோசாஃப்ட் பெயர் இருக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற என் அப்பா, தெரியாத ஒரு பிராசஸின் பெயரை கூகுளில் தேடியிருக்கிறார். மேலே வந்த எண்ணுக்கு போன் செய்ததும், ஒரு ஆப்பைப் போடச் சொல்லி, திரையைத் தங்கள் கைக்கு எடுத்துக்கொண்டு, சிவப்புக் குறிகளைக் காட்டி 8,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள். கம்ப்யூட்டர் இப்போது பாதுகாப்பானதா?

இல்லை. முதலில் நெட்டைத் துண்டியுங்கள். வங்கிக்குச் சொல்லுங்கள். சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் பதியுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு. மெயில், வங்கிப் பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். அந்த ஆப்பை நீக்கினால் மட்டும் போதாது, வேறு எதை வைத்துவிட்டுப் போனார்கள் என்று தெரியாது. போட்டோ, ஆவணங்களை நகலெடுத்துக்கொண்டு விண்டோஸை முழுவதுமாக ரீசெட் செய்யுங்கள்.

இந்த விஷயத்தில் எனக்குப் பல வருடக் கோபம் உண்டு. அவர்கள் காட்டிய சிவப்புக் குறிகள், விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் இருப்பவை. நேற்று வாங்கிய கம்ப்யூட்டரில் திறந்தாலும் சிவப்பு இருக்கும். ஒரு சர்வீஸ் இரண்டு நொடி தாமதமாக எழுந்தால்கூட அங்கே பதிவாகும். அடுத்து, நெட் இணைப்புகளைப் பட்டியலிடும் நெட்ஸ்டாட் கட்டளையை ஓட்டி, 'ஃபாரின் அட்ரஸ்' என்பதைக் காட்டி, வெளிநாட்டிலிருந்து ஹேக் செய்கிறார்கள் என்பார்கள். அதன் பொருள் இணைப்பின் மறுமுனை, அவ்வளவுதான். அதன் பிறகு 'சிஎஸ்ஆர்எஸ்எஸ்' மாதிரி ஒரு பெயரைக் காட்டுவார்கள். அது விண்டோஸின் உயிர்நாடி. நிறுத்தினால் சிஸ்டமே விழுந்துவிடும். கம்ப்யூட்டரில் எல்லாம் ஒழுங்காக இருக்கும்போதே, புரியாத பெயர் ஒன்றை வைத்துப் பயமுறுத்திப் பணம் பிடுங்குகிறார்கள். பெரும்பாலும் மாட்டுவது, பிள்ளைகளைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று தாமே சமாளிக்கப் பார்க்கும் பெரியவர்கள். மைக்ரோசாஃப்ட்டின் எச்சரிக்கைச் செய்திகளில் போன் எண் இருக்கவே இருக்காது. இதை ஒரு தாளில் எழுதி அப்பாவின் மேஜையில் ஒட்டுங்கள். ஏமாந்ததற்காக அவரைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை உங்களிடம் சொல்லவே மாட்டார்.

எட்ஜையே நான் திறப்பதில்லை. 'எட்ஜ்வெப்வியூ2' ஏன் ஓடுகிறது?

விட்ஜெட்ஸ், டீம்ஸ், புதிய அவுட்லுக் எல்லாம் தங்கள் பக்கங்களைக் காட்ட அதைத்தான் பயன்படுத்துகின்றன. நீக்காதீர்கள். விட்ஜெட்ஸ் தேவையில்லையென்றால் டாஸ்க்பாரில் அணைத்துவிடுங்கள், கொஞ்சம் குறையும்.

சி டிரைவில் 'விண்டோஸ்.ஓல்ட்' 20 ஜிபி பிடித்திருக்கிறது.

பழைய விண்டோஸுக்குத் திரும்பும் வழி அது. பத்து நாளில் தானே போகும். அவசரமென்றால் செட்டிங்ஸில் டெம்பரரி ஃபைல்ஸ் வழியாக நீக்குங்கள். ஃபோல்டரைப் பிடித்து டெலீட் அடிக்காதீர்கள்.

மேக்புக்கில் அப்டேட்டுக்குப் பிறகு 'கெர்னல் டாஸ்க்' சிபியுவை முழுக்கப் பிடிக்கிறது.

சூடு ஏறும்போது மற்ற வேலைகளுக்கு சிபியு போகாமல் அது தடுத்துப் பிடிக்கிறது. சூட்டைக் கிளப்புவது பெரும்பாலும் மேக்கின் தேடல் வசதியான ஸ்பாட்லைட்டின் இண்டெக்ஸிங்கும் போட்டோக்களை அலசும் வேலையும்தான். மெத்தையிலிருந்து எடுத்து மேஜையில் வையுங்கள். அப்புறம், மேலே சொன்ன அதே ஓர் இரவு.