காய்ஓஎஸ் ஃபோனில் வாட்ஸ்அப் நின்றுவிட்டது: காசு கொடுத்து ஏற்றலாமா?

கேள்வி: அப்பா வைத்திருப்பது காய்ஓஎஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் பட்டன் ஃபோன். அதில் வாட்ஸ்அப் நின்றுவிட்டது. காய்ஓஎஸ்ஸை நடத்தும் கம்பெனியே ஆட்டம் கண்டிருக்கிறது, ஃபோனும் ஒருநாள் முடங்கிவிடும் என்கிறார்கள். ரிப்பேர் கடையில் பணம் கொடுத்தால் வாட்ஸ்அப்பை மறுபடி ஏற்றித் தருவார்களாம், ஆண்ட்ராய்டே போட்டுத் தரவும் முடியுமாம். செய்யலாமா? பழைய மெசேஜ்கள் கிடைக்குமா?

பதில்: பணம் கொடுக்காதீர்கள். அப்பாவின் ஃபோனில் எதுவும் பழுதாகவில்லை. வாட்ஸ்அப்பை நடத்தும் மெட்டா, 2024 ஜூனில் அந்த ஃபோன்களின் ஆப் கடையான காய்ஸ்டோரிலிருந்து ஆப்பை எடுத்தது. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கும் 2025 தொடக்கத்தோடு கதவை அடைத்தது. அடைத்தது ஃபோனில் அல்ல, வாட்ஸ்அப்பின் சர்வர் பக்கம். எந்த ஃபைலை எந்த வழியில் ஏற்றினாலும் ஐகான் வரும், பச்சை நிறம் வரும், மெசேஜ் வராது.

கடைக்காரர் சொல்லும் வித்தை என்னவென்றால், ஃபோனின் பாதுகாப்புப் பூட்டை உடைத்து, எங்கோ கிடைத்த ஒரு ஜிப் ஃபைலை மெமரி கார்டு வழியாக உள்ளே தள்ளுவது. அதில் வேறு என்ன ஒட்டிக்கொண்டு வருகிறது என்று அவருக்கே தெரியாது. அதைவிட மோசம் அடுத்த கட்டம்: "ஒரு கோடு வரும், சொல்லுங்க." அந்த ஆறு இலக்க எண்தான் கணக்கின் சாவி. சொன்ன மறுநிமிடம் அப்பாவின் கணக்கு வேறொருவர் ஃபோனில் திறக்கும். அப்பா பெயரில் சொந்தக்காரர்களுக்கெல்லாம் "அவசரமாப் பணம் வேணும்" என்று மெசேஜ் போகும். கோடு கேட்பவர் யாராக இருந்தாலும், எத்தனை வருடப் பழக்கமாக இருந்தாலும், எழுந்து வந்துவிடுங்கள்.

ஆண்ட்ராய்டு போடுவதும் நடக்காத கதை. இந்த ஃபோன்களில் ரேம் பெரும்பாலும் 256 அல்லது 512 எம்பி. எளிய ஃபோன்களுக்கென்றே செய்த ஆண்ட்ராய்டு 13 கோ பதிப்பே குறைந்தது 2 ஜிபி ரேமும் 16 ஜிபி சேமிப்பும் கேட்கிறது. முயன்று பார்க்கிறேன் என்று ஒருவர் கை வைத்தால், இப்போது கால் பேசுகிற ஃபோனும் போய்விடும்.

ஃபோன் ஒருநாள் செத்துவிடுமா? இந்தப் பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. 2022 ஜனவரி 4 அன்று பிளாக்பெர்ரி தன் பழைய சேவைகளை நிறுத்தியபோது, பிளாக்பெர்ரி 10-ம் அதற்கு முந்தைய பதிப்புகளும் உள்ள ஃபோன்களில் கால், எஸ்எம்எஸ்கூட நம்பகமாக வேலை செய்யாது என்று அந்த நிறுவனமே அறிவித்தது. காய்ஓஎஸ் அப்படிக் கட்டப்பட்டதல்ல. கால், எஸ்எம்எஸ், அலாரம், எஃப்எம், டார்ச் எதற்கும் காய் நிறுவனத்தின் சர்வர் தேவையில்லை. சிம்மும் டவரும் இருந்தால் போதும்.

டவரில்தான் ஒரு கண் வையுங்கள். 2ஜி, 3ஜி சேவைகளைப் பல நாடுகளில் மூடி வருகிறார்கள். ஃபோனில் "4ஜி" என்று எழுதியிருந்தால் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். ஒரு கால் போட்டுப் பேசிக்கொண்டே திரையின் மேல் ஓரத்தைப் பாருங்கள். 4ஜி அப்படியே நின்றால் நல்லது. அது 3ஜி என்றோ 2ஜி என்றோ மாறினால், அந்த ஃபோன் பேசுவதற்குப் பழைய நெட்வொர்க்கைத்தான் நம்பியிருக்கிறது. அது மூடப்படும் அன்று கால் நிற்கும்.

படிப்படியாகப் போகப்போவது பிரவுசர், காய்ஸ்டோர், காய் அக்கவுண்ட் மூன்றும். காய்ஓஎஸ் 2.5-இன் உள்ளே இருப்பது 2016-இல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 48-இன் எஞ்சின். எந்த இணையதளத்தை நம்பலாம் என்று சொல்லும் சான்றிதழ்ப் பட்டியலும் அந்தக் காலத்தது. அதற்குப் பிறகு நடைமுறைக்கு வந்த சான்றிதழ்கள் அதற்குத் தெரியாது. அதனால் நல்ல தளத்தையும் "பாதுகாப்பற்றது" என்று மறுக்கும். எல்லாத் தளமும் ஒரே நாளில் இப்படி மறுத்தால் முதலில் தேதியைப் பாருங்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டியதில் தேதி பின்னால் போயிருக்கும். தேதி சரியாக இருந்தும் மறுத்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. வங்கி வேலைக்கு இந்த பிரவுசரைத் தொடாதீர்கள்.

அப்டேட் ஏன் வருவதில்லை என்று கேட்டால் சிப் கம்பெனி, ஃபோன் பிராண்ட், நெட்வொர்க் கம்பெனி, காய் என்று நால்வரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். பிஸ்கட் பாக்கெட்டில்கூட காலாவதித் தேதி இருக்கிறது. பாதுகாப்பு அப்டேட் எத்தனை நாளுக்கு என்பதை உற்பத்தியாளர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்ற சட்டம் பிரிட்டனிலேயே 2024 ஏப்ரல் 29-இல்தான் அமலுக்கு வந்தது. ஃபோன் விற்கத் தொடங்கி எத்தனை பத்தாண்டு ஆகிறது!

இனி மாற்றும் வேலை. காண்டாக்ட்ஸைத் திறந்து, ஆப்ஷன்ஸ், செட்டிங்ஸ், எக்ஸ்போர்ட் காண்டாக்ட்ஸ், மெமரி கார்டு என்று போங்கள். விசிஎஃப் ஃபைல் ஒன்று உருவாகும். புது ஃபோனின் காண்டாக்ட்ஸில் இம்போர்ட் கொடுத்தால் எல்லா எண்ணும் வந்துவிடும். சிம்முக்கு நகல் எடுக்கும் வழியை விட்டுவிடுங்கள்: சிம்மில் இடம் குறைவு, நீளமான பெயர் பாதியில் வெட்டுப்படும், தமிழில் எழுதிய பெயர் இன்னும் சீக்கிரம் வெட்டுப்படும். படங்களுக்கு செட்டிங்ஸ், ஸ்டோரேஜ், யுஎஸ்பி ஸ்டோரேஜை ஆன் செய்து கேபிளில் கணினியோடு இணையுங்கள்.

பழைய மெசேஜ்கள் வராது. காய்ஓஎஸ் வாட்ஸ்அப்பிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு உரையாடலை மாற்ற வழியே வைக்கவில்லை. ஆப் இன்னும் திறந்து பழையதைக் காட்டினால், முக்கியமானதை இன்னொரு ஃபோனால் திரையோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். "ரெக்கவரி செய்து தருகிறேன்" என்பவரும் மேலே சொன்ன கடைக்காரரின் தம்பிதான்.

புது ஃபோனில் அதே எண்ணைப் பதிந்தால் எஸ்எம்எஸ்ஸில் கோடு வரும், கணக்கு திறக்கும். ஆனால் 120 நாள் தொடாமல் கிடக்கும் கணக்கை வாட்ஸ்அப் பொதுவாக நீக்கிவிடும். அப்படியானால் புதிதாகத்தான் தொடங்க வேண்டும். குடும்ப குரூப்பில் யாராவது மறுபடி சேர்த்துவிட வேண்டும்.

ஒரே ஒரு சிக்கலான நிலைமை உண்டு. சிலர் ஃபோனில் இருக்கும் சிம் வேறு, வாட்ஸ்அப்பில் பதிந்த எண் வேறு. அந்தப் பழைய எண்ணுக்கு வேறு ஃபோனிலிருந்து ஒரு கால் போட்டுப் பாருங்கள். அப்பாவின் சிம்மே ரீசார்ஜ் இல்லாமல் கிடந்தால் ரீசார்ஜ் செய்து கோடு வாங்கலாம். சிம் தொலைந்திருந்து, எண் இன்னும் அவர் பெயரில் இருந்தால், நெட்வொர்க் கம்பெனியில் மாற்று சிம் வாங்கி, அது உயிர் பெற்ற பிறகு பதியுங்கள். யாரோ தெரியாதவர் எடுத்தால், எண் கைமாறிவிட்டது. அவரிடம் கோடு கேட்டுக் கெஞ்சாதீர்கள். கிடைத்தாலும் அந்தக் கணக்கு இனி அவர் எண்ணோடு போகும். இப்போதைய எண்ணில் புதுக் கணக்கு தொடங்கி, எண் மாறியதைச் சொந்தங்களுக்குக் கால் செய்து சொல்லுங்கள். மெசேஜில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது.

பட்டன்தான் வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக இருந்தால், பெட்டியின் மேல் அச்சிட்ட வாட்ஸ்அப் படத்தை நம்பிப் பழைய ஸ்டாக் காய்ஓஎஸ் ஃபோனையே இன்னொன்று வாங்கிவிடாதீர்கள். பட்டன் வைத்த ஆண்ட்ராய்டு கிடைக்கும். கடையிலேயே செட்டிங்ஸில் அபவுட் ஃபோன் திறந்து ஆண்ட்ராய்டு எண்ணைப் படித்துவிட்டு வாங்குங்கள். பேசமட்டும் என்றால் இருப்பதே போதும்.

பழையதை யாருக்காவது கொடுப்பதாக இருந்தால், காய் அக்கவுண்டில் ஆன்டி-தெஃப்ட் என்ற திருட்டுத் தடுப்புப் பூட்டை இப்போதே ஆஃப் செய்யுங்கள். அதற்கு அக்கவுண்டின் பாஸ்வேர்டு வேண்டும். மறந்திருந்தால் சர்வர் உயிரோடு இருக்கும்போதே புதுப்பித்துக்கொள்ளுங்கள். பிறகு ஃபேக்டரி ரீசெட். சிம் புது ஃபோனின் நானோ தட்டில் பொருந்தாவிட்டால் கடையில் கத்தரிக்க விடாமல், நெட்வொர்க் கம்பெனியிடமே மாற்றி வாங்குங்கள்.