அண்ணனுக்கு கிரோன்ஸ், நான் ஜீன் டெஸ்ட் எடுக்கணுமா?

அண்ணனுக்கு கிரோன்ஸ் (குடலில் நீண்டகால அழற்சி நோய்) என்று தெரிந்ததிலிருந்து தூக்கமில்லை, எனக்கும் வருமா என்று பார்க்க நாட்2 (NOD2) மரபணுச் சோதனைக்குப் பணம் கட்டப்போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். 2001-ல் அந்த மரபணுவில் இந்த நோயோடு தொடர்புள்ளவையாகக் கண்டுபிடித்த மூன்று மாற்றங்களும் ஐரோப்பிய வம்சாவளியினரிடம்தான் அதிகம், இந்திய நோயாளிகளிடம் அபூர்வம், அதனால் ரிப்போர்ட்டில் 'இல்லை' என்று வந்தாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. 'இருக்கிறது' என்று வந்தாலும் அதைச் சுமப்பவர்களில் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதே இல்லை. அப்புறம் எதற்கு அந்தச் செலவு?

வயிற்றுப்போக்கு நிற்காமல் போனாலோ காரணமில்லாமல் எடை குறைந்தாலோ டாக்டரிடம் காட்டி, மலத்தில் கால்புரொடெக்டின் என்ற புரதத்தின் அளவைப் பாருங்கள். குடலில் அழற்சி இருந்தால் அது கூடும். சிகரெட் பழக்கம் இருந்தால் இன்றைக்கே விட்டுவிடுங்கள்.

உங்கள் அண்ணனுக்குத்தான் உண்மையில் ஒரு ஜீன் டெஸ்ட் தேவைப்படலாம். நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசதியோபிரின் மருந்து தரப்போகிறார்கள் என்றால் முதல் மாத்திரைக்கு முன்பே என்யூடிடி15 (NUDT15) என்ற மரபணுவைப் பார்க்கலாமா என்று கேளுங்கள், அதிலுள்ள மாற்றம் ஆசியர்களிடம் அதிகம், அது இருப்பவர்களுக்கு வழக்கமான அளவு மருந்தே வெள்ளணுக்களை ஆபத்தாகக் குறைத்துவிடும். எனக்கு இதே மருந்தைத் தந்தபோது யாரும் அந்தச் சோதனையைப் பார்க்கவில்லை. மூன்றாவது வாரம் காலையில் எழுந்தால் தலையணை முழுக்க முடி, சீப்பை வைத்தால் கொத்தாக வருகிறது, ரத்தம் பார்த்தால் வெள்ளணு 1,800, அன்றே காய்ச்சலோடு அட்மிட் ஆனேன். சோதனை பார்த்தாலும் ஆரம்ப வாரங்களில் ரத்தப் பரிசோதனையை ஒன்றுகூடத் தவறவிட வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லுங்கள்.