கிராஃபிக்ஸ் கார்டு: இப்பவே மாத்தலாமா, பொறுக்கலாமா?

கேள்வி: என் கம்ப்யூட்டரில் ரைசன் 5 3600, பி450 மதர்போர்டு, 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1650 கார்டு. மானிட்டர் 1080பி, 60 ஹெர்ட்ஸ். வேலொரன்ட் தினமும் ஆடுவேன், பெரிய கதை கேம்கள் எப்போதாவது. இப்போது பிளெண்டர் என்ற 3டி மென்பொருளைக் கற்றுக்கொண்டிருக்கிறேன். 35,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். அடுத்த சீரிஸ் வந்தால் விலை இறங்கும், பொறு என்கிறார்கள் நண்பர்கள். பொறுக்கலாமா?
- கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: வாங்குங்கள் தம்பி. ஆனால் வேலொரன்ட்டுக்காக இல்லை, பிளெண்டருக்காக. வேலொரன்ட் உங்கள் 1650-லேயே 60 எஃப்பிஎஸ்ஸை, அதாவது நொடிக்கு 60 படங்களை, சுலபமாகத் தாண்டும், மானிட்டரோ 60-க்கு மேல் காட்டாது, அதனால் அந்த ஒரு கேம் மட்டும்தான் என்று எழுதியிருந்தால் பணத்தைத் தொடவே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். உங்கள் கார்டில் பெரிய குறை வேகம்கூட இல்லை, 4 ஜிபி மெமரி. பெரிய டெக்ஸ்சர்களை (பொருள்களின் மேல் ஒட்டும் படங்கள்) வைத்து ஒரு சீனைச் செய்து, அதை முழுப் படமாக்கும் பிளெண்டரின் சைக்கிள்ஸ் பகுதியில் ரெண்டர் கொடுத்தால், மெமரி போதவில்லை என்று பாதியில் நின்றுவிடலாம். செட்டிங்கைக் குறைத்துச் சமாளிக்க கேமில் வழி உண்டு. கற்றுக்கொள்ளும் வேலையில் அப்படிக் குறைத்துக்கொண்டே போனால் கற்பதே குறைந்துவிடும்.

நண்பர்கள் சொல்லும் 'அடுத்த சீரிஸ்' கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். உங்கள் கார்டின் சிப்பைத் தரும் என்விடியா நிறுவனம் ஒவ்வொரு முறையும் விலை உயர்ந்த கார்டுகளைத்தான் முதலில் இறக்கும், நம்மைப் போன்றவர்கள் வாங்கும், பெயர் 60 என்று முடியும் வரிசை பின்னால்தான் வரும். 30 சீரிஸ் 2020 செப்டம்பரில் வந்தது, 3060 கடைக்கு வந்தது 2021 பிப்ரவரி. 40 சீரிஸ் 2022 அக்டோபர், 4060 வந்தது 2023 ஜூன். 50 சீரிஸ் 2025 ஜனவரி, 5060 மே மாதம். சரி, அவ்வளவு நாள் காத்திருந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? 3060-இன் அறிவிப்பு விலை 329 டாலர், அதற்கு 12 ஜிபி மெமரி. அடுத்து வந்த 4060-உம் 5060-உம் 299 டாலர், இரண்டிலும் 8 ஜிபிதான். வேகம் கூடியது உண்மை, ஆனால் உங்களுக்கு எது தட்டுப்பாடோ அது குறைந்துதான் போனது.

விலை இறங்கும் என்பதும் இப்போதைக்கு நம்பக்கூடிய பேச்சு இல்லை. உலகத்தின் மெமரி சிப்பில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று நிறுவனங்கள். ஏஐ டேட்டா சென்டர்கள் அவர்களிடம் அள்ளிக்கொண்டு போகின்றன, அதனால் 2025 கடைசியில் சாதாரண ரேம் விலை எகிறியது, நம்மிடம் நேரடியாக விற்று வந்த குரூஷியல் பிராண்டையே மூடுவதாக மைக்ரான் அந்த டிசம்பரில் அறிவித்தது. கிராஃபிக்ஸ் கார்டில் இருக்கும் மெமரியும் இதே நிறுவனங்களிலிருந்து வருவதுதான். இந்த நிலையில் விலை குறையட்டும் என்று உட்கார்ந்திருப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

பணம் கொடுப்பதற்கு முன்னால் இரண்டு வேலை பாக்கி இருக்கிறது.

நீங்கள் ஆடும் பெரிய கேம் ஒன்றைத் திறந்து, திணறும் இடத்தில் ரெசல்யூஷனை 720பி-க்கு இறக்கிப் பாருங்கள். எஃப்பிஎஸ் ஜம்மென்று ஏறினால் தடை கார்டுதான். ஏறவே இல்லை என்றால் பிராசஸர் திணறுகிறது, அங்கே புதுக் கார்டு அதிகம் உதவாது. அப்புறம் கேபினட்டைத் திறந்து எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது உள்ளே எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டியை, பாருங்கள். 1650-இல் பல மாடல்கள் தனி பவர் கேபிளே கேட்காது, அதனால் கேபினட்டோடு சேர்த்துக் கொடுத்த மலிவான எஸ்எம்பிஎஸ்ஸே இத்தனை நாள் ஓட்டியிருக்கலாம். புதுக் கார்டுக்கு 8 பின் கேபிள் தேவைப்படும். பிராசஸருக்குப் போகும் 4+4 கேபிளும் 8 பின்தான், அதைப் பார்த்து 'இருக்கிறது' என்று நினைத்துவிடாதீர்கள். கார்டுக்கான கேபிள் 6+2 என்று பிரியும். அது இல்லையென்றால் நாலைந்தாயிரத்தை நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஒதுக்குங்கள், தயவுசெய்து இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

எந்தக் கார்டு? கேம் மட்டும் என்றால் 5060 நிச்சயமாக 3060-ஐவிட வேகம். உங்களுக்கு நான் 12 ஜிபி 3060-ஐத்தான் சொல்வேன், பில்லும் வாரண்டியும் உள்ள புதுக் கார்டு நியாயமான விலைக்குக் கிடைத்தால். இன்னொரு காரணமும் இருக்கிறது. கார்டும் மதர்போர்டும் தகவல் பரிமாறும் பாதைக்கு பிசிஐஇ லேன் என்று பெயர். 5060-க்கு எட்டு லேன்தான், உங்கள் பி450 போர்டில் இருப்பதோ பழைய மூன்றாம் தலைமுறை பிசிஐஇ, 8 ஜிபி நிரம்பி வழிந்து கம்ப்யூட்டர் ரேமைத் தொடும் நேரத்தில் அந்தக் குறுகல் நன்றாகவே தெரியும். 3060-க்குப் பதினாறு லேன். அதிலும் 8 ஜிபி மாடல் ஒன்று உண்டு, பெட்டியைப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: ஜிடிஏ 6-க்காக இப்போதே கார்டு வாங்கி வைக்கிறேன் என்கிறான் என் மகன். சரியா?
- தாய், மதுரை

பதில்: வேண்டாம் அம்மா. அந்த கேம் பிளேஸ்டேஷன் 5-க்கும் எக்ஸ்பாக்ஸுக்கும்தான் அறிவிக்கப்பட்டிருக்கிறது, கம்ப்யூட்டருக்கு என்று தேதி எதுவும் சொல்லவில்லை. ஜிடிஏ 5 கன்சோலில் 2013 செப்டம்பரில் வந்தது, கம்ப்யூட்டருக்கு 2015 ஏப்ரலில்தான். என்ன கார்டு வேண்டும் என்றே தெரியாத கேமுக்கு இன்று கார்டு வாங்கினால், வாரண்டியில் பாதி சும்மா ஓடிவிடும். பையன் இப்போது ஆடும் கேம் திணறுகிறது என்றால் அது வேறு பேச்சு, அதைக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: என் ஜிடிஎக்ஸ் 1060-க்கு டிரைவர் நிறுத்திவிட்டார்களாம். உடனே மாற்ற வேண்டுமா?
- வாசகர், சேலம்

பதில்: பதற வேண்டாம். டிரைவர் என்பது கார்டை இயக்கும் மென்பொருள். புது கேம்களுக்கான டிரைவர் 2025 அக்டோபரோடு நின்றது, பாதுகாப்புக்கான அப்டேட் 2028 அக்டோபர் வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் என்று என்விடியா சொல்லியிருக்கிறது. ஏற்கெனவே ஓடும் கேம் நாளைக்குத் திடீரென்று நின்றுவிடாது. ஆனால் 2025-இல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் போன்ற சில கேம்கள் கார்டிலேயே ரே டிரேசிங் (ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டுக் காட்சி வரைவது) வசதி இருந்தால்தான் திறக்கும், 1060-இல் அது கிடையாது. அந்த மாதிரி கேம் ஒன்றை உண்மையிலேயே ஆட ஆசை வரும் அன்றைக்கு மாற்றுங்கள். செகண்ட் ஹேண்ட் வாங்கினால் விற்பவர் வீட்டிலேயே மாட்டி, ஜிபியு-இஸட் என்ற இலவச மென்பொருளில் சிப்பின் பெயரையும் மெமரி அளவையும் சரிபார்த்து, கால் மணி நேரமாவது ஒரு கனமான கேமை ஓடவிட்டு, ஃபேன் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். ஓட்டிக் காட்ட மறுத்தால் வந்துவிடுங்கள்.