கன்னத்தைக் காகிதத்திடம் விடுங்கள்

கேள்வி: புகைப்படத்தைப் பார்த்து அம்மாவின் முகத்தைச் செம்புத் தகட்டில் எச்சிங் செய்தேன். கோடுகள் சரியாக விழுந்தும் அச்சில் முகம் முகமூடிபோல் தட்டையாக இருக்கிறதே, ஏன்?

பதில்: நீங்கள் அனுப்பிய அச்சில் கண்ணிமையும் கன்னச் சுருக்கமும் ஒரே கருமையில் இருக்கின்றன. தகட்டை ஒரே தடவை அமிலத்தில் போட்டு எடுத்திருக்கிறீர்கள். எச்சிங்கில் ஊசி, தகட்டின் மேலுள்ள மெழுகுப் பூச்சைத்தான் நீக்குகிறது. கோட்டுக்குக் கருமை தருவது அமிலத்தில் அது கிடக்கும் நேரம். நேரம் கூடினால் பள்ளம் ஆழமாகும், மையும் அதிகம் பிடிக்கும்.

அதனால் முதலில் எல்லாவற்றையும் லேசாக மட்டும் அரிக்க விடுங்கள். எடுத்துக் கழுவி, காய்ந்ததும் நெற்றியையும் கன்னத்தையும் வார்னிஷ் பூசி மூடிவிட்டு மறுபடி போடுங்கள். அடுத்த சுற்றில் கழுத்து, மூக்கோர நிழல். கடைசிவரை உள்ளே கிடக்க வேண்டியவை கண்ணின் பாவை, மூக்குத் துளை, உதடுகள் சேரும் கோடு, அவ்வளவுதான். கன்னத்தில் நீங்கள் போட்டிருக்கும் கோடுகளில் பாதி வேண்டாம். அங்கே வெறும் காகிதமே தோலாக நிற்கும். புகைப்படம் எல்லாவற்றையும் ஒரே அக்கறையோடு காட்டும். அதை அப்படியே பின்தொடர்ந்தால் முகம் இறுகிப்போகும்.

இந்தத் தகட்டையும் தூக்கிப் போடாதீர்கள். ஆழமில்லாத கோடுகளை பர்னிஷர் என்ற வழவழப்பான எஃகுக் கருவியால் தேய்த்து மங்கச் செய்யலாம். ஆழமானவற்றை முதலில் ஸ்கிரேப்பர் என்ற கூர்விளிம்புக் கருவியால் சுரண்ட வேண்டும்.

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1630இல் கண்களை அகல விரித்துத் தன்னையே பொறித்த எச்சிங்கைத் தேடிப் பாருங்கள். உயரம் 5 சென்டிமீட்டர்தான். அதில் எவ்வளவு இடத்தை வரையாமல் விட்டிருக்கிறார் என்று கவனியுங்கள். பிரிட்டிஷ் ஓவியர் லூசியன் ஃபிராய்ட் தகட்டை ஓவியத் தாங்கியில் நிமிர்த்தி வைத்து, ஆளை எதிரே வைத்துக்கொண்டு வரைந்தவர். கோடுகளின் நெருக்கத்தாலேயே சதையின் கனத்தைக் கொண்டுவந்தார். அம்மா எதிரே உட்கார முடியுமென்றால் புகைப்படத்தை ஓரமாக வையுங்கள். அச்சில் முகம் இடவலம் மாறி விழும் என்பதால், வகிடும் மச்சமும் எந்தப் பக்கம் என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு தகட்டிலிருந்து எத்தனை அச்சு எடுக்கலாம்?

பதில்: அது தகட்டில் செய்த வேலையைப் பொறுத்தது. ஆழமாக அரித்த கோடு நெடுநாள் தாங்கும், பிசின் தூள் தூவி அரிக்கும் அக்வாடிண்ட்டின் மெல்லிய சாயல் முன்னதாகவே தேயும், அமிலமின்றி ஊசியால் நேராகக் கீறும் டிரைபாயிண்ட் எல்லாவற்றுக்கும் முன்பே தேய்ந்துவிடும். 1972இல் அமெரிக்க ஓவியர் சக் க்ளோஸ் ‘கீத்’ என்ற பெரிய முகத்தை மெஸ்ஸோடின்ட் முறையில், அதாவது சொரசொரப்பாக்கிய தகட்டை வெளிச்சம் வேண்டிய இடங்களில் தேய்த்து, வாய்ப் பகுதியில் தொடங்கினார். வேலை நடக்க நடக்கச் சோதனை அச்சுகள் எடுத்ததில் அந்தப் பகுதி தேய்ந்து வெளிறி, அளவுக்காகப் போட்ட கட்டங்கள் வெளியே தெரிந்தன. அவர் மறைக்கவில்லை, பின்னால் வரைந்த முகங்களில் கட்டங்களை வேண்டுமென்றே காட்டினார். எனக்கு மிகவும் பிடித்த அச்சு அது. ஆனால் உங்கள் தகட்டில் மெல்லிய சாயல்கள் இருந்தால், சோதனை அச்சுகளைக் குறைத்துக்கொண்டு, இறுதி அச்சுகளை எடுக்கும் முன், தேய்மானம் குறையச் செம்பின்மேல் எஃகு முலாம் பூசிவிடுங்கள்.