லினக்ஸ் கணினியில் இருபடிச் சரிபார்ப்பு: பணம் செலவிட வேண்டுமா?

கேள்வி: இருபடிச் சரிபார்ப்புக்காக நான் பயன்படுத்திவந்த செயலியின் கணினிப் பதிப்பு நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது ஒவ்வொரு முறையும் கைப்பேசியைத் தேட வேண்டியிருக்கிறது. லினக்ஸுக்கென்று தனியாக ஏதேனும் வாங்க வேண்டுமா? கணினியிலேயே குறியீட்டைப் பெறுவது பாதுகாப்பானதா?

பதில்: வாங்க வேண்டியதில்லை. கடவுச்சொல்லுக்குப் பிறகு கேட்கப்படும் அந்த ஆறு இலக்க எண், அதாவது நீங்கள் சொல்லும் குறியீடு, எந்த நிறுவனத்தின் தனிச்சொத்தும் அல்ல. 2011-இல் ஆர்எஃப்சி 6238 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளியான பொது முறையின்படி, க்யூஆர் கோடு வழியாக உங்களுக்குத் தரப்படும் ரகசியச் சாவியையும் அப்போதைய நேரத்தையும் கொண்டு, பெரும்பாலும் 30 நொடிக்கு ஒருமுறை அது கணக்கிடப்படுகிறது. ஆகவே சாவி கையில் இருந்தால் எந்தச் செயலியும் அதே எண்ணைத்தான் காட்டும்; இணைய இணைப்புகூட வேண்டாம். கணினியின் கடிகாரம் மட்டும் பிசகக் கூடாது.

லினக்ஸில் கீபாஸ்எக்ஸ்சி, என்டே ஆத் இரண்டும் இலவசமாகக் கிடைக்கும் திறந்த மூல மென்பொருள்கள். கடவுச்சொற்களையும் சேமிக்கும் முன்னது, சாவிகளை உங்கள் கணினியில் மறையாக்கம் (என்கிரிப்ட்) செய்த ஒரு கோப்பில் வைக்கும். பின்னது, நீங்கள் விரும்பினால், கைப்பேசியோடும் ஒத்திசைக்கும். எதைத் தேர்ந்தாலும், சாவிகளை வெளியே எடுத்துச் செல்ல வழி இருக்கிறதா என்பதையே முதலில் பாருங்கள். மற்ற வசதிகளெல்லாம் அதற்குப் பிறகுதான். உங்கள் பழைய செயலி அதற்கு இடம் தராவிட்டால், ஒவ்வொரு கணக்கிலும் நுழைந்து சரிபார்ப்பைப் புதிதாக அமைக்க வேண்டியிருக்கும். அலுப்பான வேலைதான், ஆனாலும் கைப்பேசியில் இருக்கும் பழைய செயலியை நீக்கும் முன்பே அதை முடித்துவிடுங்கள்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, கடவுச்சொற்களையும் இந்தச் சாவிகளையும் ஒரே கோப்பில் வைத்தால், அதைத் திறந்தவருக்கு இரண்டும் ஒருசேரக் கிடைத்துவிடும் என்பதால், தனித்தனிக் கோப்புகளும் வெவ்வேறு முதன்மைக் கடவுச்சொற்களும் அவசியம். அப்படிச் செய்தாலும், கணினிக்குள் தீநிரல் (மால்வேர்) புகுந்தால் இரண்டுமே பறிபோகலாம். சாவிகள் கைப்பேசியில் மட்டும் இருந்தால், கணினியில் புகுந்த தீநிரலுக்கு அவை எட்டாது; தனிக் கருவிக்கு உள்ள மேன்மை அதுதான்.

பணம் செலவிடத்தான் விருப்பமென்றால், மின்னஞ்சல் போன்ற முதன்மைக் கணக்குகளுக்கு ஃபிடோ2 என்ற பொது முறையில் இயங்கும், யூஎஸ்பியில் செருகும் சிறு கருவியான பாதுகாப்புச் சாவியை வாங்கலாம். ஆறு இலக்க எண்ணைப் போலித் தளத்தில் ஏமாந்து தட்டச்சு செய்துவிட முடியும். இந்தச் சாவியோ பதிவு செய்த தள முகவரிக்கு மட்டுமே பதிலளிக்கும். ஒன்று தொலைந்தால் கணக்கே பூட்டிக்கொள்ளக்கூடும் என்பதால் இரண்டாக வாங்கி, இரண்டையும் பதிவு செய்யுங்கள். கணக்குகள் தரும் மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் அச்சிட்டுக் கணினிக்கு வெளியே வையுங்கள்.