குடிகாரர் வீட்டுப் பெண்கள் சேர்ந்து குழு தொடங்குவது எப்படி?

கேள்வி: கிளிநொச்சிப் பக்கம் எங்கட ஊரில ஐந்தாறு வீட்டில கசிப்பு (கள்ளச்சாராயம்), ஐஸ் போதைப்பொருள் பிரச்சினை. அந்த வீட்டுப் பெண்கள் சேர்ந்து ஒரு குழு தொடங்கலாமா?

தாராளமாக. நாலு பேர் போதும். பத்துக்கு மேல் போனால் இரண்டாகப் பிரியுங்கள். கிழமைக்கு ஒருநாள், பின்னேரம் 3 மணி வன்னிக்குச் சரி: பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வந்து சாப்பிட்டிருப்பார்கள், இருட்ட முன் வீடு திரும்பலாம். யாருடைய வீட்டிலும் கூடாதீர்கள். மாதர் சங்கக் கட்டடம் நல்லது. அங்கே போகிற பெண்ணை ஏன் என்று ஒருவரும் கேட்பதில்லை.

யார் வந்தார், என்ன சொன்னார் என்பது வெளியே போகக்கூடாது. வரவுப் புத்தகமும் வேண்டாம், வாட்சப் குழுவும் வேண்டாம். போன் வீட்டில் பல கை மாறும். ஊரே சொந்தக்காரர் என்பதால் குழு உடைவது பெரும்பாலும் இதில்தான். மாமியும் மருமகளும் ஒரே வட்டத்தில் இருந்தால் இருவருமே வாய் திறக்கமாட்டார்கள்.

ஆளுக்குப் பத்து நிமிடம். இடையில் புத்திமதி சொல்லக்கூடாது. "விட்டிட்டு வா", "பொறுத்துப் போ" இரண்டுமே அவளை அடுத்த கிழமை வரவிடாது. குடிப்பவரின் வீட்டாருக்காக 1951இல் அமெரிக்காவில் தொடங்கிய அல்-அனான் குடும்பக் குழுக்கள் மூன்று விடயம் சொல்லும்: இதை நான் உண்டாக்கவில்லை, என்னால் கட்டுப்படுத்த முடியாது, குணமாக்கவும் முடியாது. "நீ ஒழுங்கா இருந்தா அவன் ஏன் குடிக்கிறான்" என்று கேட்டே நொந்த பெண்ணுக்கு அந்த முதலாவதே பெரிய ஆறுதல்.

குழுவுக்குள் கைமாற்று, சீட்டு வேண்டவே வேண்டாம். ஆனால் கடனைப் பற்றிக் கட்டாயம் கதையுங்கள். கசிப்புக் கடனை மனைவி அடைத்தால் அடுத்த போத்தலும் கடனுக்குக் கிடைக்கும். "சாப்பாடு தருவன், காசு தரமாட்டன்" என்பதைக் குழுவில் சொல்லிப் பழகி, வெறி முறிந்த காலையில் அவரிடம் சொல்லவேண்டும். அடிக்கிற வீடென்றால் இதைச் செய்யாமல், முதலில் பெண்களுக்கான உதவி இலக்கம் 1938க்கு எடுங்கள்.

நாள்தோறும் குடிப்பவரை அறையில் பூட்டிவைத்துக் குடியைத் திடீரென நிறுத்தாதீர்கள். கடைசியாகக் குடித்து 6 முதல் 24 மணித்தியாலத்தில் நடுக்கம், வியர்வை தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதன்பின் இல்லாத உருவங்கள் தெரியலாம், புத்தி தடுமாறலாம். உயிரே போகலாம், அம்புலன்ஸுக்கு 1990ஐ அழையுங்கள். சாப்பாட்டில் களவாகக் கலக்கும் குளிசையும் ஆபத்து: குடியை விடத் தரும் டைசல்பிராம் குளிசை உள்ளே இருக்க அவர் குடித்தால் இரத்த அழுத்தம் விழும். வைத்தியசாலை மனநலப் பிரிவில் கேட்டுத்தான் குடியை நிறுத்தவேண்டும். மனநல உதவி இலக்கம் 1926இலும் கேட்கலாம்.

நிறுத்தினவர் திரும்பக் குடித்தால் மனைவி வெட்கத்தில் குழுவுக்கு வராமல் விடுவார். ஒருவர் மட்டும் போய், ஒன்றும் விசாரிக்காமல், வாற கிழமையும் கதிரை போட்டிருக்கும் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.