கம்பஸ்காரரின் பணமும் ஆசிரியர் சங்கமும்

கேள்வி: நான் கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலையில் தொழில் வழிகாட்டலுக்குப் பொறுப்பான ஆசிரியை. கொழும்பு மாவட்டத்துத் தமிழ்மொழிமூலப் பாடசாலைகளில் இதே வேலையைப் பார்ப்பவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினோம். வட்ஸ்அப்பில் முப்பதுக்கு மேல் இருக்கிறோம், கூட்டத்துக்கு வருவது ஆறேழு பேர்தான். சந்தாவும் ஒழுங்காக வருவதில்லை. இப்போது ஒரு தனியார் கம்பஸ் எங்கள் வருடாந்தக் கருத்தரங்கின் முழுச் செலவையும் ஏற்பதாகச் சொல்கிறது. வாங்கலாமா? சங்கத்தைப் பதிய வேண்டுமா?

பதில்: டீச்சர், முழுச் செலவையும் வாங்காதீர்கள். மற்றவற்றை ஆறுதலாகப் பேசலாம், இதை மட்டும் உடனே முடிவெடுங்கள்.

அந்தக் கம்பஸ் ஏன் உங்களைத் தேடி வருகிறது என்று யோசியுங்கள். அரச பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் தரவரிசையில் போகிறது, 55 வீதம் மாவட்ட அடிப்படையில், மீதி 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கொழும்புப் பிள்ளை தன் மாவட்டத்துக்குள்ளேயே நாட்டின் மிகப் பெரிய பாடசாலைகளோடு போட்டி போட வேண்டும். உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தியடைந்தும், அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி (தரப்படுத்திய பெறுபேற்றுப் புள்ளி) போதாமல் வீட்டில் இருக்கும் பிள்ளைகள் உங்கள் பாடசாலையிலும் இருப்பார்கள். தனியார் கம்பஸ்களின் சந்தை அவர்கள்தான். அந்தச் சந்தையின் வாசலில் நிற்பவர்கள் உங்கள் உறுப்பினர்கள். ஒரு தாய் உங்களிடம் வந்து “டீச்சர், இவனை எங்கே சேர்க்கலாம்?” என்று கேட்கும்போது நீங்கள் சொல்லும் பதிலுக்கு யாரும் காசு தரவில்லை என்ற நம்பிக்கை ஒன்றுதான் உங்கள் சங்கத்தின் சொத்து.

தனியார் கல்வி கெட்டது என்று நான் சொல்லவில்லை. நல்ல இடங்களும் உண்டு. பகுதி அனுசரணை வாங்கலாம், ஆனால் விதியை முதலில் சங்கத்தின் யாப்பில், அதாவது விதிக்கோவையில், எழுதிவிட்டு வாங்குங்கள். என் கணக்கில் ஒரு நிறுவனத்திடமிருந்து மொத்தச் செலவில் காற்பங்குக்கு மேல் வேண்டாம். மேடையில் அவர்களுக்குப் பேச்சு இல்லை, வெளியே ஒரு மேசை மட்டும். அதே அளவு மேசை மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரி, தொழிற்பயிற்சி அதிகார சபை, நாவலத் திறந்த பல்கலைக்கழகம் போன்ற அரச இடங்களுக்கு இலவசமாக இருக்கட்டும். அவர்களிடம் விளம்பரப் பணம் இருக்காது, பிள்ளைகளுக்குத் தேவையான விஷயம் இருக்கும்.

மேசை கொடுப்பதற்கு முன் விசாரியுங்கள். இங்கேயே பட்டம் வழங்கும் அரசு சாரா நிறுவனம் என்றால் 1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் அந்தப் பட்டத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா? வெளிநாட்டுப் பட்டம் என்றால் அதை வழங்கும் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா? தொழிற்பயிற்சி நிலையம் என்றால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு இருக்கிறதா, சான்றிதழ் தேசிய தொழிற்தகைமையின் ஏழு மட்டங்களில் எதில் வருகிறது? மருத்துவம் என்றால் இலங்கை மருத்துவ சபை அந்தப் பட்டத்தை ஏற்கிறதா என்பதும் சேரும். எழுத்தில் பதில் தராதவர்களுக்கு மேசை இல்லை. “விண்ணப்பித்திருக்கிறோம், கிடைத்துவிடும்” என்பதைப் பதிலாக எடுக்காதீர்கள்.

இதைவிடச் சங்கடமானது உள்வீட்டு விஷயம். சில இடங்களில் பிள்ளையைச் சேர்த்துவிடுபவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று தரகு கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. எந்த உறுப்பினரும் தரகு வாங்கக் கூடாது என்று வெளிப்படையாக எழுதுங்கள். பின்னேரங்களில் ஏதாவது கம்பஸில் படிப்பிக்கும் உறுப்பினர் அதைச் செயற்குழுவுக்குச் சொல்லிவிட்டு, அந்த நிறுவனம் பற்றிய முடிவு எடுக்கும்போது ஒதுங்கி இருக்க வேண்டும். யாரையும் சந்தேகிப்பதாக ஆகிவிடுமோ என்று தயங்க வேண்டாம். 1951இல் தொடங்கிய கல்வி மற்றும் தொழில் வழிகாட்டலுக்கான சர்வதேசச் சங்கம்கூட 1995இல் தன் ஒழுக்க நெறிகளை எழுத்தில் வைத்தது.

அனுசரணைக்குப் பதிலாகப் பிள்ளைகளின் பெயர், தொலைபேசி எண் பட்டியல் கேட்பார்கள். கட்டாயம் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கட்டும், பெறுபேறு வந்த இரவே வீட்டுக்கு அழைப்பு வந்தால் பெற்றோர் முதலில் கேட்கப்போவது உங்களைத்தான்.

சரி, வருகை. உங்கள் கூட்டம் எந்த நாளில் என்று எழுதவில்லை. சனி, ஞாயிறு என்றால் காரணம் அங்கேயே இருக்கிறது: பாதிப் பேருக்கு ரியூஷன் வகுப்பு, மீதிப் பேருக்கு வீட்டு வேலை. வெள்ளி மதியம் ஜும்ஆ தொழுகை. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாதத்தில் விடுமுறை. பாடசாலை ஒன்றரைக்கு முடியும் ஒரு வாரநாளில், இரண்டு மணிக்குத் தொடங்கி மூன்றரைக்கு முடியுங்கள். வலயக் கல்விப் பணிமனை இதைச் சேவைக்காலப் பயிற்சியாக ஏற்றால் அதிபர்கள் விடுவிப்பார்கள். கொழும்பு மாவட்டத்தில் கொழும்பு, ஸ்ரீ ஜயவர்தனபுர, ஹோமாகம, பிலியந்தலை என நான்கு வலயங்கள். தேசியப் பாடசாலைகள் நேரே கல்வி அமைச்சின் கீழ் வருவதால் அவற்றுக்குக் கடிதம் வேறு வழியில் போக வேண்டும். ஒரே கடிதத்தை எல்லோருக்கும் அனுப்பிவிட்டுப் பதில் வரவில்லை என்று இருக்காதீர்கள்.

நேரத்தைச் சரிசெய்தாலும், சென்ற கூட்ட அறிக்கையை வாசித்துக் கேட்க யாரும் பஸ் ஏறி வரமாட்டார்கள். அடுத்த நாள் பாடசாலையில் பயன்படும் ஒன்றைக் கையில் கொடுங்கள். சாதாரண தரப் பெறுபேறு வரும் காலத்தில் உயர்தரத் துறைத் தெரிவு: 2013இல் வந்த தொழில்நுட்பத் துறை, 2017இல் தொடங்கிய 13 வருடக் கல்வித் திட்டத்தின் தொழிற்பாடங்கள் ஆகியவை உங்கள் பிரதேசத்தில் எந்தப் பாடசாலையில் தமிழில் இருக்கின்றன? உயர்தரப் பெறுபேறு வந்ததும் மானியங்கள் ஆணைக்குழுவின் பல்கலைக்கழக அனுமதிக் கைநூல்: ஆளுக்கு ஒரு பகுதியைப் பிரித்து வாசித்து, விண்ணப்பத்தில் பாடநெறிகளை விருப்ப ஒழுங்கில் எழுதும்போது பிள்ளைகள் விடும் பிழைகளைப் பேசுங்கள். எடுக்க மாட்டேன் என்று நினைத்திருக்கும் பாடநெறியை மேலே போட்டுவிட்டு, அதுவே கிடைத்ததும் அழுதுகொண்டு வரும் பிள்ளையை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் என்னைக் கேட்டால் உங்கள் சங்கம் செய்யக்கூடிய மிகப் பெரிய வேலை ஒரு பட்டியல். கொழும்பில் எந்த நிலையத்தில், எந்தத் தொழிற்பாடநெறி, உண்மையிலேயே தமிழில் நடக்கிறது? துண்டுப்பிரசுரத்தில் மும்மொழி என்று இருக்கும். போய்ச் சேர்ந்தால் வகுப்பு சிங்களத்தில் நடக்கும், பிள்ளை இரண்டு கிழமையில் நின்றுவிடும். உறுப்பினருக்கு இரண்டு நிலையம் என்று பிரித்துக்கொண்டு, தொலைபேசியில் விசாரித்து, முடிந்தால் நேரில் போய், வருடத்துக்கு இரு முறை புதுப்பியுங்கள். இதைச் சந்தா கட்டியவருக்கு மட்டும் என்று வைக்காதீர்கள், கடைசியில் அது பிள்ளைகளுக்குப் போவது. சந்தாவுக்குப் பதிலாகப் பயிற்சிப் பட்டறையில் இடம், வாக்குரிமை என்று வையுங்கள். தொகை சிறிதாக இருக்கட்டும், ஜனவரியில் சம்பளம் வந்த கிழமையில் ஒரே தடவையாகக் கேளுங்கள், பற்றுச்சீட்டுக் கொடுங்கள்.

பதிவுக்கு இப்போது அவசரமில்லை. எழுத்தில் ஒரு யாப்பு, பொதுக்கூட்டத் தீர்மானம், இருவர் கையொப்பமிடும் வங்கிக் கணக்கு போதும். கணக்குத் திறக்கப் பதிவு வேண்டும் என்று வங்கி கேட்டால் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட (பங்குகள் இல்லாத) கம்பனியாகப் பதிந்தால் வருடாந்த அறிக்கை, கணக்காய்வு என்று செலவு வரும், உங்கள் அளவுக்கு அது அதிகம். தொழிற்சங்கமாகப் பதிய ஏழு பேர் போதும்தான், ஆனால் அப்புறம் எல்லோரும் சம்பளப் பிரச்சினையோடு வருவார்கள், வலயப் பணிமனையும் உங்களை வேறு கண்ணால் பார்க்கும். அரச ஆசிரியர்கள் பத்திரிகைக்குக் கருத்துச் சொல்வதற்கு, அரச ஊழியர்களுக்கான விதித்தொகுப்பான தாபனக் கோவையில் கட்டுப்பாடு இருப்பதையும் செயலாளருக்கு ஞாபகப்படுத்துங்கள்.

ஆசிரியர் சங்கங்களை இடமாற்றம்தான் அதிகம் குலைக்கிறது. செயலாளருக்கு ஜனவரியில் இடமாற்றக் கடிதம் வந்தால் கோப்புகளும் அவரோடு போய்விடும். ஆகவே செயலாளரையும் உப செயலாளரையும் வேறு வேறு வலயங்களிலிருந்து தெரிவு செய்யுங்கள். சங்கத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல் திறந்து, அதன் கடவுச்சொல்லை இருவரிடமும் வையுங்கள்.